விஞ்ஞானமும் பிழை விடும், சமயமும் பிழை விடும்: அதற்குப் பிறகு என்ன நடக்கிறது?

கொவிட் காலத்தில் தொடங்கிய ஒரு வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. முகக்கவசம் எல்லோருக்கும் தேவையில்லை என்றார்கள், கொஞ்ச நாளில் கட்டாயம் என்றார்கள். அதற்கு முன் முட்டை கூடாது என்றவர்கள் இப்போது முட்டை நல்லது என்கிறார்கள். "விஞ்ஞானிகள் நாளுக்கொரு கதை சொல்லுவினம், எங்கட சமயம் ஆயிரம் வருசமா ஒரே சொல்லில நிக்குது" என்று வெள்ளவத்தையில் ஒருவர் சொல்வார். "கலிலியோவுக்கு என்ன செய்தவை எண்டு தெரியுமோ? விஞ்ஞானம் நிரூபிச்சது, மற்றதெல்லாம் வெறும் நம்பிக்கை" என்று பக்கத்தில் இருப்பவர் பாய்வார்.

இருவரும் எதிராளியின் பிழைகளைத்தான் எண்ணுகிறார்கள். எண்ணி முடித்தாலும் ஒன்றும் தெரியவராது. மனிதர் கைவைத்த எதிலும் பிழை வரும். பிழை வந்ததை யார் கண்டுபிடிக்கலாம், எப்படிக் கண்டுபிடிக்கலாம், கண்டுபிடித்தவருக்கு என்ன நடக்கும் என்று கேட்டால்தான் இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் தெரியத் தொடங்கும்.

## செட்டியார் தெருத் தராசு

செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடை. தாலிக்கொடி தராசில் ஏறுகிறது. 8 கிராம் ஒரு பவுன். கொடி பதினொரு பவுன் என்று காட்டுகிறது. தராசு பிழைக்காதா? பிழைக்கும். தூசி, மின்விசிறிக் காற்று, பழுது, சில வேளை கடைக்காரரின் விரல். ஆனாலும் நம்பி வாங்குகிறோம். பிழைத்தால் பிடிக்க வழி இருப்பதுதான் அந்த நம்பிக்கைக்குக் காரணம். அடுத்த கடையில் நிறுத்துப் பார்க்கலாம். அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். கடைக்காரர் எத்தனை தலைமுறை வியாபாரி என்பது எடையைக் கூட்டவும் மாட்டாது, குறைக்கவும் மாட்டாது.

அதே கொடி மணமேடைக்குப் போகிறது. அங்கே அது ஒரு வாக்கு. வாக்கு எத்தனை கிராம் என்று கேட்டால் கேள்வியே பிழை. ஆனால் வாக்கும் பொய்க்கலாம். பொய்த்ததா என்பதை ஒரு வாழ்க்கைதான் காட்டும்.

விஞ்ஞானம் எடை, சமயம் வாக்கு, இரண்டும் ஒன்றோடொன்று முட்டாது என்று இங்கேயே முடித்துவிடலாம். பல நல்ல மனிதர்கள் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அது போதாது. ஏனென்றால் சமயங்கள் எடைபோடக்கூடிய விடயங்களையும் சொல்கின்றன: கிரகம் எங்கே நிற்கிறது, நோய் எதனால் மாறும். விஞ்ஞானத்தின் பெயரால் பேசுபவர்களும் சில வேளை தராசைத் தொடாமலே எடை சொல்கிறார்கள்.

## முதலில் இரண்டு சொற்கள்

தவறக்கூடிய தன்மை: ஒரு கூற்று பிழையாக இருக்கச் சாத்தியம் உண்டு என்பது. பிழையாகத்தான் இருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை.

சோதிக்கத்தக்க கூற்று: பிழையென்றால் அது எப்படித் தெரியவரும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய கூற்று. "நாளை பின்னேரம் 6 மணிக்குள் காலிமுகத்திடலில் மழை பெய்யும்" என்பது சோதிக்கத்தக்கது. "நல்லவர்களுக்கு ஒரு நாள் நல்லது நடக்கும்" என்பது அப்படியில்லை. எந்த நாளில் அது பொய்யாகும் என்று சொல்ல முடியாது. அதனால் அது மதிப்பற்றதாகிவிடவில்லை. எங்களில் அநேகர் அந்த நம்பிக்கையில்தான் போரையும் இடப்பெயர்வையும் கடந்து வந்தோம்.

## பிழையைத் தேடிப்போகும் தொழில்

வயிற்றுப்புண் ஏன் வருகிறது? உறைப்பு, நேரத்துக்குச் சாப்பிடாமை, மன அழுத்தம். எங்கள் அம்மாமார் சொன்னது மட்டுமல்ல, 1980கள் வரை மருத்துவப் பாடப்புத்தகங்களும் அமிலத்தையும் மன அழுத்தத்தையும்தான் காட்டின. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வொரன், பரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் நோயாளிகளின் இரைப்பையில் சுருள் வடிவப் பற்றீரியா ஒன்றைக் கண்டார்கள். அமிலத்தில் பற்றீரியா எப்படி வாழும் என்று துறையில் பெரும்பாலோர் நம்பவில்லை. 1984 இல் மார்ஷல் அந்தப் பற்றீரியாவைத் தானே குடித்தார். சில நாட்களில் இரைப்பை அழற்சி வந்தது. அதற்குப் பிறகும் துறை உடனே மாறவில்லை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பொதுச் சிகிச்சையாக ஏற்கப்பட ஏறத்தாழப் பத்து வருடம் பிடித்தது. 2005 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் விஞ்ஞானிகள் திறந்த மனத்தோடு நடந்துகொண்டார்கள் என்று சொல்ல முடியாது. பிடிவாதமாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் மார்ஷல் சொன்னது சோதிக்கத்தக்கது. வேறு நாட்டில், அவரை நம்பாத ஒருவர், அதே சோதனையைச் செய்து பார்க்கலாம். இதைத்தான் மீள்சோதனை என்கிறோம். பிடிவாதக்காரர்கள் நிறைந்த ஒரு தொழில் தன்னைத் திருத்திக்கொள்வது பெரும்பாலும் இந்த வழியால்தான். நல்ல குணம் தேவைப்படாதபடி அமைந்த ஏற்பாடு அது.

2011 இல் இன்னொன்று நடந்தது. ஜெனீவாவிலிருந்து ஏறத்தாழ 730 கிலோமீற்றர் தூரம் நிலத்துக்கடியால் இத்தாலிக்கு அனுப்பிய நியூட்ரினோ துகள்கள் ஒளியை விட 60 நனோ செக்கன் முந்தி வந்ததாக ஒரு குழு கணித்தது. உண்மையென்றால், ஒளியை விட வேகமாக எதுவும் போகாது என்ற ஐன்ஸ்டைனின் கோட்பாடே ஆட்டம் காணும். அவர்கள் முடிவை வெளியிட்டு, எங்கே பிழை விட்டோம் என்று பாருங்கள் என மற்றவர்களைக் கேட்டார்கள். அடுத்த வருடம், நேரத்தை அளந்த கருவியின் ஒளியிழைக் கம்பி ஒன்று சரியாகப் பொருத்தப்படவில்லை என்று தெரிந்தது. சிரித்தவர்கள் பலர். என் கண்ணுக்கு அந்த அறிவிப்பு ஒரு நோபல் பரிசுக்கு நிகர்.

எப்போதும் இப்படி அழகாக நடப்பதில்லை. உளவியல் ஆய்வுகள் 100 ஐ எடுத்து மீள்சோதனை செய்தவர்கள் 2015 இல் முடிவை வெளியிட்டபோது, ஏறத்தாழ 36 சதவீதமானவற்றில்தான் முதல் முடிவு தெளிவாகத் திரும்பக் கிடைத்தது. பல வருடங்களாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதே இதன் பொருள். தராசு இருந்தும் ஒருவரும் நிறுக்கவில்லை.

எங்கள் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1934-35 மலேரியாவில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். டி.டி.ரி. என்ற நுளம்புக்கொல்லியைத் தெளித்ததால் 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகள் மட்டுமே பதிவானார்கள். வென்றாயிற்று என்று தெளிப்பதையும் கண்காணிப்பையும் தளர்த்தினார்கள். 1969 இல் நோயாளிகள் 5 இலட்சத்தைத் தாண்டினார்கள். திரும்பவும் தெளித்தார்கள், நுளம்புகள் மருந்துக்குப் பழகிவிட்டிருந்தன. மருந்தை மாற்றினார்கள், முறையையும் மாற்றினார்கள். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடாக இலங்கையை அறிவித்தது. அரை நூற்றாண்டு எடுத்த திருத்தம். பிழைக்கான விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் உலர்வலயத்துக் கிராமத்தவர்.

சுருக்கமாக: விஞ்ஞானத்தின் பலம் அது சரியாகச் சொல்வதில் இல்லை. பிழையென்றால் வெளியாள் ஒருவர் அதைக் காட்ட முடியும் என்பதில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வெளியாள் வர வேண்டும், அவருக்குப் பணமும் இடமும் வேண்டும்.

## "நேற்றுச் சொன்னது பிழையென்றால் இன்று சொல்வதும் பிழைதானே?"

இல்லை. பிழைகளில் பெரியது சிறியது உண்டு. நியூட்டனின் ஈர்ப்பு விதியால் புதன் கிரகத்தின் பாதையை முழுதாக விளக்க முடியவில்லை; நூறு வருடத்துக்கு 43 வில்விநாடி உதைத்தது. ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் வருவது ஒரு வில்விநாடி. 1915 இல் ஐன்ஸ்டைன் அதைச் சரிசெய்தார். அதனால் நியூட்டன் குப்பைக்குப் போகவில்லை. இன்றைக்கும் பாலம் கட்டுபவர் நியூட்டனை வைத்துத்தான் கணிக்கிறார்.

இதற்குள் ஒரு சுவையான கதை. லெவெரியே என்ற பிரெஞ்சு வானியலாளர் யுரேனஸ் பாதையில் இருந்த குழப்பத்துக்குக் காரணம் கண்ணுக்குப் படாத இன்னொரு கிரகம் என்று கணித்தார். 1846 இல் நெப்டியூன் அகப்பட்டது. புதனின் குழப்பத்துக்கும் 1859 இல் அதே மருந்தைச் சொன்னார்: உள்ளே வல்கன் என்றொரு கிரகம் இருக்கிறது. அது அகப்படவே இல்லை. பிடித்த கோட்பாட்டைக் காப்பாற்ற இல்லாத ஒன்றைக் கற்பிப்பது சமயவாதிகள் மட்டும் செய்யும் வேலை என்று நினைப்பவர்கள் வல்கனை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் வல்கனைத் தொலைநோக்கியால் தேடினார்கள். இல்லையென்றதும் கைவிட நேர்ந்தது.

## சமயத்துக்குள் பிழை எங்கே இருக்கலாம்?

சமயம் தன்னைத் தவறாததாகவே சொல்லிக்கொள்கிறது என்பது பாதி உண்மை. ஒவ்வொரு மரபும் பிழை எங்கே வரலாம், எங்கே வராது என்று ஒரு கோடு போட்டிருக்கிறது.

சைவ சித்தாந்தம் அறிவதற்கான வழிகளை அளவைகள் என்கிறது. காட்சி (நேரே காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றும் முக்கியமானவை. காட்சியில் ஐயமும் திரிபும் வரும் என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. கட்டையை மனிதனோ என்று ஐயுறுவது ஐயம். கயிற்றைப் பாம்பென்று காண்பது திரிபு. கருதலிலும் குற்றங்கள் உண்டு. ஆனால் இறைவன் அருளியதாகக் கொள்ளப்படும் ஆகம உரையில் குற்றம் தேடுவதில்லை.

இஸ்லாத்தில் குர்ஆன் பிழையற்றது. ஆனால் அறிஞர் அதை விளங்கிச் சட்டம் சொல்லும் முயற்சி, அதாவது இஜ்திஹாத், பிழைக்கலாம். முயன்று சரியாகத் தீர்ப்பளித்த நீதிபதிக்கு இரண்டு கூலி, முயன்று தவறியவருக்கு ஒரு கூலி என்று ஒரு நபிமொழி உண்டு. நேர்மையாக விட்ட பிழைக்கும் கூலி என்பது, முடிவு வராத ஆய்வுகளை வெளியிட முடியாமல் திண்டாடும் இன்றைய ஆய்வுக்கூடங்களுக்கே பொறாமை தரக்கூடிய ஏற்பாடு.

கத்தோலிக்கத்தில் பாப்பரசர் எது சொன்னாலும் பிழையற்றது என்று கத்தோலிக்கர் அல்லாதவர்கள் மட்டுமல்ல, சில கத்தோலிக்கரே நினைக்கிறார்கள். 1870 இல் முதலாம் வத்திக்கான் சங்கம் வகுத்தது மிகக் குறுகியது: விசுவாசம், ஒழுக்கம் பற்றி, முழுத் திருச்சபைக்குமாக, தம் பதவியின் முழு அதிகாரத்தோடு தீர்மானமாக அறிவிக்கும்போது மட்டும். அதன்பின் அது தெளிவாகப் பயன்பட்டது 1950 இல், மரியாளின் விண்ணேற்பை அறிவித்தபோது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வரும் பக்தர் ஒருவர் பாப்பரசரின் காலநிலைக் கருத்தோடு முரண்பட்டால் திருச்சபையை விட்டு விலகிவிட்டதாக ஆகாது.

மூன்றிலும் ஓர் ஒற்றுமை: மனிதர் விளங்கிக்கொள்வதில் பிழை வரும், மூலத்தில் வராது. அதனால் சமயம் மாறும்போதும், முன்பு மூலம் சொன்னது பிழை என்று சொல்லி மாறுவது அரிது. முன்னோர் அதைப் பிழையாக விளங்கிவிட்டார்கள் என்றே சொல்லும். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய விடாமல் சாதியின் பெயரால் மக்களைத் தடுத்தபோது ஆகமத்தைக் காட்டினார்கள். இன்று அதே ஆகமத்தில் அப்படி எதுவும் இல்லையே என்கிறார்கள். திருத்தம் நடந்தது, நல்லது. ஆனால் அதை நடத்தியது ஆகம ஆராய்ச்சி இல்லை. வாசலில் அடிவாங்கிய மக்களின் போராட்டம். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கலிலியோவை 1633 இல் தண்டித்தது பிழை என்று வத்திக்கான் தெளிவாகச் சொன்னது 1992 இல்.

சுருக்கமாக: சமயத்துக்குள்ளும் பிழைதிருத்தம் உண்டு. ஆனால் வெளியாள் ஒருவர் தராசோடு வந்து மூலத்தையே நிறுக்க அங்கே இடமில்லை. அதை அவர்கள் குறையாக நினைப்பதில்லை. மூலம் அசையாதிருப்பதற்காகத்தான் சமயம் என்பார்கள்.

## சனி எங்கே நிற்கிறார்?

எடையும் வாக்கும் சந்திக்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமானால் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். கொழும்பில் சைவ வீடுகளில் வாக்கியமும் உண்டு, திருக்கணிதமும் உண்டு. சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரமே இரண்டிலும் வேறு. வாக்கியம் பழைய வாய்பாடுகளை வைத்துக் கணிக்கிறது. திருக்கணிதம் வானியல் அவதானிப்புகளால் திருத்தப்பட்ட கணக்கு. இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்றால், சனி மீன ராசிக்குப் போனது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச். ஒரு வருட வித்தியாசம்!

ராசியின் எல்லையை வானத்தில் எங்கே தொடங்குவது என்பது மரபின் முடிவு. அதில் சரி பிழை பார்க்க முடியாது. ஆனால் சனி இன்றிரவு எந்த நட்சத்திரத்துக்கு அருகில் நிற்கிறது என்பதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே வாக்கியக் கணக்கு பின்தங்கியிருக்கிறது. பழைய வாய்பாட்டைச் செய்தவர்கள் முட்டாள்கள் என்பதல்ல விடயம். அவர்கள் காலத்தில் அது சிறந்த கணக்காக இருந்தது. சிறு வழு நூற்றாண்டுகளாகச் சேர்ந்து பெருத்துவிட்டது. திருத்தாமல் வைத்திருப்பதுதான் நம் தெரிவு. கோயில் எந்த நாளில் பூசை வைப்பது என்பது கோயிலின் உரிமை. ஊரெல்லாம் ஒரே நாளில் கூடுவதற்கு நாள் குறித்தால் போதும், சனி எங்கே நின்றாலும் சரி. ஆனால் "சனி உங்களைப் பிடித்திருக்கிறது, அதனால்தான் வியாபாரம் படுத்தது" என்று ஒருவர் சொன்னால், எந்தப் பஞ்சாங்கத்துச் சனி என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

நோன்பும் பெருநாளும் தொடங்கும் நாளைத் தீர்மானிக்கக் கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடும் பிறைக் குழுவின் நிலை வேறு. அமாவாசை எந்த நிமிடத்தில் நிகழ்கிறது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை. கணக்குப் போதுமா, கண்ணால் பார்த்தே ஆக வேண்டுமா என்பதுதான் விவாதம். அது வானியல் கேள்வி இல்லை. வழிபாட்டு விதியைப் பற்றியது.

## வெள்ளை மேலங்கி போட்ட பிழை

இனி மறுபக்கம். 2020 ஏப்ரலில் கொவிட்டால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. புதைத்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி எரிக்கலாம், புதைக்கலாம் இரண்டையும் அனுமதித்திருந்தது. முஸ்லிம்கள் ஜனாஸாவை, அதாவது அடக்கம் செய்ய இறந்தவரின் உடலை, கேட்டு அழுதார்கள். இருபது நாள் குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. எதிர்ப்பைக் காட்டப் பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள்.

அப்போது பலர் இதை விஞ்ஞானத்துக்கும் சமயத்துக்கும் இடையிலான மோதல் என்று விளக்கினார்கள். "அவர்களுக்குச் சமயம்தான் பெரிது, நாட்டின் சுகாதாரம் இல்லை" என்று தமிழர் சிலரும் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். உண்மையில் நிலத்தடி நீர்க் கதை சோதிக்கத்தக்க கூற்று. சோதித்த சான்று எங்கே என்று கேட்டவர்கள் முஸ்லிம்கள். காட்டாமல் நிபுணர் குழுவின் பெயரைச் சொன்னது அரசு. ஒரு சமயத்தவர் தராசைக் கேட்க, விஞ்ஞானத்தின் பெயரில் பேசியவர்கள் "எங்களை நம்புங்கள்" என்றார்கள். 2020 இறுதியிலும் 2021 தொடக்கத்திலும் இலங்கையின் சமுதாய மருத்துவர் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் புதைப்பதைத் தடுக்கச் சான்று இல்லை என்று அறிக்கை விட்டன. 2021 பெப்ரவரி இறுதியில்தான் தடை நீங்கியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை முஸ்லிம்களிடம் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

விஞ்ஞான முறை வேறு, விஞ்ஞானப் பட்டம் வைத்திருப்பவர் வேறு, அவர்களை நியமிக்கும் அரசு வேறு என்பதற்கு எங்களுக்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம். சமயத்திலும் அதே பிரிவுதான்: மூலம் வேறு, விளக்குபவர் வேறு, நிர்வாக சபை வேறு. ஒரு பக்கத்தின் சிறந்த முறையை எடுத்து மறுபக்கத்தின் மோசமான ஆளோடு ஒப்பிட்டால் யாரும் வெல்லலாம்.

## எல்லை தாண்டும்போது

அதே கொவிட் காலத்தில், 2020 டிசம்பரில், கேகாலையில் ஒருவர் காளி அம்மன் அருளியதாகச் சொல்லி ஒரு பாணி காய்ச்சினார். கூட்டம் கூடுவதற்கு இருந்த கட்டுப்பாட்டையும் மறந்து ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் கமராவுக்கு முன்னால் குடித்தார். அடுத்த மாதம் அவருக்குக் கொவிட் உறுதியானது. அம்மன் கனவில் வந்தாரா என்பதை நிறுக்க முடியாது. பாணி வைரஸைத் தடுக்கிறதா என்பதை நிறுக்கலாம்.

பிரார்த்தனையையும் ஒரு முறை நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். இதய பைபாஸ் சத்திரசிகிச்சைக்கு வந்த 1,802 அமெரிக்க நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2006 இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்காகப் பிரார்த்தித்தார்கள், இன்னொன்றுக்காகப் பிரார்த்திக்கவில்லை. எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது இவர்களுக்குத் தெரியாது. சிக்கல் ஏற்பட்டவர்கள் 52, 51 சதவீதம். மூன்றாவது குழுவிடம், உங்களுக்காக நிச்சயம் பிரார்த்திக்கிறோம் என்று சொன்னார்கள். அவர்களில் 59 சதவீதம்.

இதைக் கேட்டுப் பக்தர் ஒருவர் "கடவுள் குளிசை இல்லை, சோதனைக்குழாயில் அகப்பட" என்பார். அது பழைய, கனமான பதில். நான் அதை ஏற்கிறேன். ஆனால் அந்தப் பதிலை எடுத்தவர்கள் அதன் விலையையும் கொடுக்க வேண்டும். "எங்கள் கூட்டத்துக்கு வாருங்கள், சலரோகம் மாறும்" என்று மதிலில் சுவரொட்டி ஒட்டுபவர் அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒளிய முடியாது. அவர் தருவது குளிசை தரும் வாக்குறுதி. கூட்டத்துக்கு முன் ஒரு தடவையும் மூன்று மாதம் கழித்து ஒரு தடவையும் இரத்தத்தில் சீனியைப் பார்க்கச் சொல்லி ஏற்பாட்டாளரிடம் தாராளமாகக் கேட்கலாம். இடையில் இன்சுலினை மட்டும் நிறுத்திவிடக் கூடாது.